கன்னத்தில் விழுந்த வெள்ளை

எங்கள் குடும்பத்துக்குச் சந்தேகம் பசி மாதிரி. வேளை தவறாமல் வரும். தயிர்க்காரி சட்டியின் அடியில் அரிசிமாவைக் கரைத்துத்தான் தயிரை இறுக வைக்கிறாள் என்பது அம்மாவின் சந்தேகம். தபால்காரர் எங்கள் கடிதங்களை ஆவியில் காட்டித் திறந்து, வாசித்து முடித்த பிறகே கொண்டுவந்து தருகிறார் என்பது மாமாவின் சந்தேகம். அப்பா ஒருவர்தான் யாரையும் சந்தேகப்படாதவர். அதனாலேயே அவர் எதையோ மறைக்கிறார் என்று மற்ற இருவரும் சந்தேகப்பட்டார்கள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. சந்தேகத்தில் அம்மாவையும் மாமாவையும் ஒரே மூச்சில் விழுங்கிவிடுவேன். வீட்டில் யாராவது குரலைத் தாழ்த்தினால் அந்த இடத்தில் நான் நிற்பேன். யார் யாரைப் பார்த்தார்கள், பார்த்துவிட்டு ஏன் திரும்பினார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அக்கா எனக்கு 'விதானையார்' என்று பட்டம் வைத்திருந்தாள். ஊர்ப் பிணக்கை விசாரிக்கும் விதானையாரின் பட்டம் கிடைத்ததில் எனக்குப் பெருமைதான். அப்படிப்பட்ட விதானையாரின் மூக்குக்குக் கீழே நடந்த ஒரு காரியம் அவருக்குத் தெரியவர நாற்பது வருடம் பிடித்தது. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

ஆரையம்பதியில் எங்கள் வளவு வாவிக்கரையோடு முடிகிறது. கிழக்கே ரோட்டு, மேற்கே வாவி. பின்வளவில் நின்றால் தென்னைகளுக்கு நடுவே தண்ணீரும், எங்கள் தோணி கட்டிய முளையும் தெரியும். அந்த வீடு, வளவு, தோணி எல்லாமே அம்மாவின் வழியில் வந்தவை. எங்கள் பக்கத்தில் அது அப்படித்தான்: தாயின் சொத்து பெண்பிள்ளைக்கு, பெண்பிள்ளையின் கல்யாணம் தாய்மாமனின் வாய்க்கு. மாமா போடியார். இரண்டு வட்டையில் வயல் வைத்திருந்தவர். அவர் ஒரு பேச்சுச் சொன்னால் அப்பா அதற்குத் தலையாட்டுவதற்கே வந்தவர் போல ஆட்டுவார்.

அக்காவுக்குப் பதினெட்டு நடந்துகொண்டிருந்தது. படிப்பில் கெட்டிக்காரி. பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியை இரண்டு தடவை வீடு தேடி வந்து, இவளை ஆசிரியப் பயிற்சிக்கு அனுப்புங்கள் என்று கேட்டுப் பார்த்தார். "யோசிப்பம்" என்றார் மாமா. மாமா யோசிப்பம் என்றால் அந்த விடயம் செத்து, அதற்கு எட்டுச் செலவும் முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

மாமா யோசித்து வைத்திருந்தது வேறு. மலைநாட்டில் ஒரு ரயில் நிலையத்தில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவரை அக்காவுக்குப் பேசியிருந்தார். வயது நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது, முதல் மனைவி இறந்துவிட்டாள். ஆனால் அரசாங்க உத்தியோகம். சொந்தக்காரர்கள் களுவாஞ்சிக்குடியில். லீவு கிடைக்காததால் பெண்ணை நேரே பார்க்க வர முடியவில்லை, ஒரு படம் பிடித்து அனுப்புங்கள், பிடித்திருந்தால் ஆவணியிலேயே முடித்துவிடலாம் என்று எழுதியிருந்தார். படத்தை வாங்கி அனுப்பும் பொறுப்பு அவருடைய பெரியம்மாவிடம் இருந்தது. அக்காவின் அபிப்பிராயத்தை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. ரயிலில் ஏறி மலைக்குப் போகப் போகிறவளிடம் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

படம் பிடிக்கக் காத்தான்குடியில் இருந்து ஒருவரை மாமா வரவழைத்தார். ஒல்லியான, உயரமான மனிதர். தலையில் வெள்ளைத் தொப்பி. சைக்கிளின் பின்னால் கமராப் பெட்டியையும் அதை நிறுத்தும் மூன்று காலையும் கட்டிக்கொண்டு வருவார். அந்தப் பக்கத்துக் கல்யாணங்களில் பாதி அவர் பிடித்த படங்கள்தான். முஸ்லிம் வீடுகளில் அண்ணனைக் காக்கா என்பார்கள், அதனால் எல்லோரும் அவரைப் படக்காரக் காக்கா என்போம்.

அவர் வந்து இறங்கியதுமே மாமா சட்டம் போடத் தொடங்கிவிட்டார். பெண்ணுக்குப் பின்னால் வாவி தெரிய வேண்டும், தோணி தெரிய வேண்டும், தென்னைகள் குறைந்தது பத்தாவது தெரிய வேண்டும். இதெல்லாம் சீதனம். எழுதி அனுப்பினால் மாப்பிள்ளை சந்தேகப்படுவார், படத்தில் காட்டினால் பேச்சில்லை என்பது மாமாவின் கணக்கு. அத்தோடு பெண் கிழக்குப் பார்த்து இருக்க வேண்டும், நேரம் பின்னேரம் ஐந்துக்கும் ஐந்தரைக்கும் இடையில் என்று சாத்திரியார் குறித்துக் கொடுத்திருந்தார். பெண் கிழக்கே பார்த்தால் கமரா மேற்கே பார்க்க வேண்டும். மேற்கே பின்னேரச் சூரியன், அதன் கீழே பளபளவென்று வாவி.

படக்காரக் காக்கா கையை நெற்றிக்குக் குடையாகப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் மேற்கே பார்த்தார்.

"போடியார், பொழுது நேர கமராட முகத்தில அடிக்கிது. இப்பிடிப் பிடிச்சா படத்தில வெள்ளை விழும். நான் நாளைக்கு வெள்ளண, பொழுது கிழக்கால நிக்கக்குள்ள வாறன். இல்லாட்டிப் புள்ளைய மற்றப் பக்கம் கிறுக்கி இருத்துவம்."

மாமாவுக்கு உடனே சந்தேகம் பிறந்துவிட்டது. இவன் ஏன் இரண்டாம் தடவை வரப் பார்க்கிறான்? ஏன் பெண்ணை மேற்கே திருப்பச் சொல்கிறான்? மேற்கே பார்த்து இருந்து பிடித்த படத்தால் எந்தச் சம்பந்தம் நிலைக்கும்? மாப்பிள்ளை இருக்கும் மலைநாடே மேற்கில்தானே என்று அப்பா கேட்டார். மாமா காக்காவைப் பார்த்து, கமராவை நிறுத்து என்று கையைக் காட்டினார்.

காக்கா கமராவை நிறுத்தி, அதன் கண்ணாடிக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோய் வாயால் ஆவி ஊதினார். சட்டைப் பையில் இருந்து ஒரு மெல்லிய துணியை எடுத்துத் துடைத்தார். பிறகு கமராவில் இருந்து தொங்கிய ரப்பர் பந்தைக் கையில் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, அக்காவைப் பார்த்தபடி உதட்டுக்குள் ஏதோ முணுமுணுத்தார். முணுமுணுப்பு முடிந்ததும் பந்தை விட்டார். படம் பிடித்தாயிற்று என்றார். நான் அதைக் கவனமாகப் பார்த்து மனதில் முடிந்து வைத்துக்கொண்டேன். ஊதினார். முணுமுணுத்தார். எங்கள் ஊரில் ஊதலும் முணுமுணுப்பும் எதற்கு என்று ஒன்பது வயதுப் பிள்ளைக்கும் தெரியும். ஓதி ஊதிக் காய்ச்சலை இறக்குகிறவர்கள் இருந்தார்கள், ஏற்றுகிறவர்களும் இருந்தார்கள்.

ஒரு கிழமை கழித்து அவரே படத்தைக் கொண்டுவந்தார். முகம் வாடியிருந்தது. படம் முழுவதும் பால் தெளித்தது போல மங்கலாக இருந்தது. மாமா எண்ணி வைத்த தென்னைகளில் இரண்டுதான் பிழைத்திருந்தன. மேல் மூலையில் இருந்து அக்காவின் தோள் வரைக்கும் வெள்ளை வட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்து வந்திருந்தன. அதில் ஒன்று, ஒரு சதக் காசளவு, அக்காவின் இடது கன்னத்தில் பளிச்சென்று விழுந்திருந்தது.

அன்றைக்கென்று மாப்பிள்ளையின் பெரியம்மாவும் வந்திருந்தார். அம்மா படத்தைப் பார்த்ததும் இது யாரோ செய்த செய்வினை என்று சேலைத் தலைப்பால் வாயை மூடினார். இது படக்காரன் பெண்ணை மட்டக்களப்பு டவுணில் உள்ள படக்கடைக்குக் கூட்டிவரச் செய்கிற தந்திரம் என்றார் மாமா. பெரியம்மா படத்தைப் பார்த்தார், பிறகு அக்காவின் கன்னத்தைப் பார்த்தார், பிறகு படத்தைப் பார்த்தார். வெண்படை என்ற தோல் நோயின் பெயரை அவர் வாயால் சொல்லவில்லை. ஆனால் அது அந்த நேரமே வீட்டுக்குள் வந்து பாய் விரித்துக் குந்திவிட்டது.

காக்கா பொறுமையாக விளங்கப்படுத்தினார். கமராவின் குழாய்க்குள் ஒரு கண்ணாடி அல்ல, ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாகச் சில கண்ணாடிகள் இருக்கின்றனவாம். வெயில் நேரே உள்ளே புகுந்தால் அந்தக் கண்ணாடிகளில் பட்டுப் பட்டுத் தெறித்து இப்படிப் பொட்டுப் பொட்டாக விழுமாம். கண்ணாடியில் ஒரு விரல் அடையாளம், ஒரு தூசி இருந்தால் இன்னும் மோசமாம். அடுத்த முறை கண்ணாடிக்கு நிழல் பிடித்து எடுக்கலாம், அதற்கு எதுவும் தர வேண்டாம் என்றார். மாமா சம்மதித்தார். ஆனால் அதே திசை, அதே பின்னேரம். சாத்திரியார் சொன்னதைக் கண்ணாடிக்காக மாற்ற முடியாது.

இரண்டாம் முறை காக்கா ஒரு பெரிய கறுத்தக் குடையோடு வந்தார். எங்கள் வீட்டுச் சந்தேகம் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். படம் பிடிக்கும் முன்னால் எல்லோரும் கமராவின் பின்னால் தொங்கிய கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு உங்கள் கண்ணாலேயே பாருங்கள் என்றார். முதலில் மாமா பார்த்தார். பார்த்த வேகத்தில் தலையை வெளியே இழுத்துக்கொண்டார். நாற்காலி தலைகீழாகத் தெரிகிறது, தென்னைகள் வேர் மேலே தொங்குகின்றன, இது என்ன கண்கட்டு என்று சத்தம் போட்டார். அது அப்படித்தான் தெரியும், படத்தில் நேராகிவிடும் என்று காக்கா இரண்டு மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. அம்மா துணிக்கு அருகே போகவே மறுத்துவிட்டார்.

அக்கா, தான் பார்க்கலாமா என்று கேட்டாள். மாமா முறைத்தார், ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவளுடைய இடத்தில் என்னை இருத்தினார்கள். அக்கா துணிக்குள் தலையை விட்டாள். காக்கா கமராவுக்கு முன்னால் ஒரு ஓரமாக நின்று, கண்ணாடியில் நிழல் விழும்படி குடையைப் பிடித்தார். இப்போது பொட்டுகள் இல்லை அல்லவா என்றார். இல்லை என்றாள் அக்கா. குடையைச் சற்றுப் பின்னால் சாய்த்தார். இப்போது வருகின்றன அல்லவா என்றார். வருகின்றன என்றாள். எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அக்காவுக்குப் போதவில்லை. துணிக்குள் இருந்தபடியே இன்னும் கொஞ்சம் சாயுங்கள், இப்போது நிமிர்த்துங்கள், திரும்பவும் சாயுங்கள் என்று அவரை ஆட்டி வைத்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அவள் சிரிக்கும் சத்தம் கேட்டது.

"இப்ப தங்கச்சிட கன்னத்தில விழுந்திற்று" என்றாள்.

என்னைத் தலைகீழாகப் பார்த்துத்தான் சிரிக்கிறாள் என்று எனக்கு ரோசம் வந்தது. அக்கா சிரித்து அந்த மாதத்தில் நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

பிறகு அவள் வந்து நாற்காலியில் இருந்தாள். குடையைப் போடியார் பிடித்தால் நல்லது, ஆள் உயரம், கை ஆடாது என்றார் காக்கா. அதற்கு அக்கா, தலையைக் குனிந்துகொண்டு, மாமா முன்னால் நின்று பார்த்தால் தனக்கு வெட்கமாக இருக்கும் என்றாள். கமரா நிற்கும் உயரத்துக்குத் தங்கச்சிதான் சரி என்றும் சொன்னாள். பெண் வெட்கப்படுவதைக் கேட்ட மாமாவுக்கு ஒரே திருப்தி. மணிக்கூட்டை எடுத்துப் பார்த்து, குறித்த நேரம் போகிறது, கெதியாகட்டும் என்று பின்னால் போய் நின்றுகொண்டார். குடை என் கைக்கு வந்தது.

காக்கா என் கையைப் பிடித்துக் குடையை நிறுத்தி, கண்ணாடியில் விழுந்த நிழலைக் காட்டினார். இந்த நிழல் இதில்தான் இருக்க வேண்டும், அசையக் கூடாது என்றார். கண்ணாடியில் ஊதித் துடைத்தார். துணிக்குள் போய்ப் பார்த்துவிட்டு, இப்போது தண்ணீர் மாதிரித் தெளிவாக இருக்கிறது என்று மாமாவுக்குக் கேட்கும்படி சொன்னார். பிறகு படம் பதியும் கண்ணாடித் தட்டை எடுத்துக் கமராவின் முதுகில் சொருகத் தொடங்கினார். அதைச் சொருகிய பிறகு துணிக்குள் எதுவும் தெரியாதாம்.

அவர் அப்படிக் குனிந்திருந்த நேரத்தில்தான் அக்கா என்னைப் பார்த்தாள். அவ்வளவு கனிவாக அவள் என்னை அந்த வருடத்தில் பார்த்ததே இல்லை.

"கை நோகும் மனே. குடையத் தோளில சாத்திப் பிடி" என்று செல்லம் கொஞ்சுவது போல மெல்லிய குரலில் சொன்னாள்.

நான் தோளில் சாத்திக்கொண்டேன். காக்கா நிமிர்ந்து, ரப்பர் பந்தை எடுத்து, எனக்கு மறுபக்கம் போய் நின்று, அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டு உதட்டுக்குள் முணுமுணுத்தார். பிறகு அமுக்கியிருந்த பந்தை விட்டார். முடிந்தது.

இந்த முறை படத்தில் மங்கல் குறைவு. தென்னைகள் பத்துக்கு மேல் இருந்தன, தோணி இருந்தது, வாவி இருந்தது. அக்காவின் இடது கன்னத்தில் அந்த வெள்ளையும் இருந்தது. அதே இடம். முதல் படத்தை விடத் துப்புரவாக, வட்டமாக.

படம் வந்த அன்று பெரியம்மா அக்காவை யன்னலுக்குக் கிட்டே கூட்டிக்கொண்டு போனார். பெருவிரலை நாக்கில் தொட்டு ஈரமாக்கி அக்காவின் கன்னத்தைத் தேய்த்துப் பார்த்தார். மா பூசி மறைத்திருக்கிறார்களோ என்ற சந்தேகம். கன்னம் சிவந்ததே தவிர வேறொன்றும் தெரியவில்லை. அக்கா ஒரு மரக்கட்டையைப் போல நின்றாள். எனக்கு அந்த மனுசியின் கையைக் கடித்து வைக்க வேண்டும் போல இருந்தது.

"வெளியில தெரியாததும் படத்தில தெரியும். அது மனிசர்ட கண்ணில்லையே" என்றார் பெரியம்மா.

மாமா உடனே ஆளனுப்பிக் காக்காவைக் கூப்பிட்டார். அவர் வந்ததும் உள்ளே வரச் சொல்லவில்லை, முற்றத்திலேயே நிற்க வைத்துக் கேட்டார். ஒரே இடத்தில் இரண்டு தரம் வெள்ளை விழுமா? காக்காவுக்கே குழப்பமாகத்தான் இருந்தது. கண்ணாடியைத் தான் துடைத்ததாகவும், துணிக்குள் பார்த்தபோது ஒரு பொட்டும் இருக்கவில்லை என்றும் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார்.

"புள்ள, நீ குடைய அசைச்சயா?"

மாமா என் பக்கம் திரும்பினார். மாமாவின் கண்ணைப் பார்த்துக்கொண்டு உண்மை சொன்னவர்கள் எங்கள் குடும்பத்தில் குறைவு. இல்லை என்றேன். சொன்னதோடு நின்றிருக்கலாம். எனக்குப் பயம், அந்தப் பயம் போக வேறொருவரைப் பிடித்துக் கொடுக்க வேண்டும். நான் முடிந்து வைத்திருந்ததை அவிழ்த்தேன். இவர் கண்ணாடியில் ஊதினார், உதட்டுக்குள் ஓதினார், இரண்டு முறையும் நான் கண்டேன் என்றேன்.

அம்மா என்னைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மாமா, எவ்வளவு வாங்கிக்கொண்டு யாருக்காக இதைச் செய்தாய் என்று கேட்டார். அப்பாதான் ஏதோ சொல்ல வாயெடுத்தார், அது எடுத்தபடியே நின்றது.

காக்காவுக்குக் கோபம் வரவில்லை, வியப்புத்தான் வந்தது என்று நினைக்கிறேன். ஊதித் துடைத்தது தூசிக்கு, முணுமுணுத்தது ஒன்று, இரண்டு என்று எண்ணுவதற்கு என்றார். கேட்பார் யாரும் இல்லை. படத்தை ஒருக்கால் தாருங்கள் என்று வாங்கினார். வெளிச்சத்துக்குத் திருப்பி, கண்ணுக்குக் கிட்டே வைத்து, வெகுநேரம் பார்த்தார். அவர் வெள்ளைப் பொட்டைத்தான் பார்க்கிறார் என்று நான் நினைத்தேன். பிறகு தலையை நிமிர்த்தி, கதவு நிலையில் சாய்ந்து நின்ற அக்காவைப் பார்த்தார். அக்கா அவரைப் பார்த்தாள். அவள் கண்கள் நிரம்பியிருந்தன, ஆனால் அவள் தலையைக் குனியவில்லை. நான் இதையும் கவனித்தேன். கவனித்து என்ன பயன்.

காக்கா படத்தை மாமாவின் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"பிழை என்ட கண்ணாடியிலதான் போடியார். உள்ளுக்குப் பழுது. புள்ளைட முகத்தில ஒண்டுமில்ல. குடை புடிச்ச புள்ளையிலயும் பிழை இல்ல."

குற்றவாளி தன் வாயாலேயே ஒப்புக்கொண்டான் என்று எனக்கு உச்சி குளிர்ந்தது. விதானையார் வென்றுவிட்டார். மாமா அவரைப் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. அவர் கேட்டுக்கொண்டு நின்றார், பிறகு சைக்கிளை உருட்டிக்கொண்டு படலைக்கு வெளியே போனார். ஏறி ஓட்டக்கூட இல்லை.

அவர் ஒப்புக்கொண்டதால் சம்பந்தம் பிழைக்கவில்லை. மாமா காசு கொடுத்துத்தான் படக்காரனை அப்படிச் சொல்ல வைத்திருக்கிறார் என்று பெரியம்மா சந்தேகப்பட்டார். சந்தேகத்தில் எங்களுக்கு ஒரு படி மேலே நிற்கக்கூடிய மனுசி அவர் ஒருவர்தான். ஆவணியில் அந்த ஸ்டேஷன் மாஸ்டர் வேறொரு பெண்ணைக் கட்டினார். எங்கள் பக்கத்தில் இருந்து காக்காவை அதற்குப் பிறகு யாரும் கல்யாணத்துக்குக் கூப்பிடவில்லை. ஊதுகிறவர் என்று பெயராகிவிட்டது. அந்தப் பெயரை வைத்தவள் நான். வாவிக்கரை ரோட்டில் அவரை எதிரே கண்டால் நான் வேலிக்குள் புகுந்துவிடுவேன், அவர் என்னைச் சபித்துவிடுவார் என்ற பயத்தில். அவர் ஒரு தடவை சைக்கிளை நிறுத்தி, அக்கா படிக்கிறாவா என்று கேட்டார். நான் பதில் சொல்லாமல் ஓடினேன்.

அக்கா படித்தாள். வெண்படைக் கதை ஊரில் உலாவி அடங்கும் வரைக்கும் அவளுக்கு வேறு இடம் பேச முடியாது என்பதால், கொஞ்ச நாள் படிப்பித்தாற் போகிறது என்று மாமா விட்டுவிட்டார். அந்தக் கொஞ்ச நாள் முப்பத்தைந்து வருடம் ஆயிற்று. பயிற்சிக்குப் போனாள், ஆசிரியையானாள், பிறகு தலைமை ஆசிரியையானாள். கூடப் படிப்பித்த ஒருவரையே கல்யாணம் முடித்தாள். அவர் படம் எதுவும் கேட்கவில்லை.

அவள் செய்த இரண்டு காரியங்கள் மட்டும் எனக்குப் பிடிபடவே இல்லை. ஒன்று, அந்த இரண்டாவது படத்தைச் சட்டம் போட்டுத் தன் வீட்டு முன்கூடத்தில் மாட்டி வைத்திருந்தாள், கன்னத்து வெள்ளையோடு. வருகிறவர்கள் கேட்டால், அது வெயில் என்பாள். இரண்டாவது, அவள் பொறுப்புக்கு வந்த பிறகு ஒவ்வொரு வருடமும் பள்ளிக்கூடத்துப் படம் பிடிக்கக் காத்தான்குடிக்குத்தான் ஆளனுப்புவாள். மாமா உயிரோடு இருந்த வரைக்கும் இதற்காக அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த மனிதர் கிழவராகி, கை நடுங்கத் தொடங்கிய பிறகும் அவர்தான் வர வேண்டும். பிள்ளைகளைக் காலையில் கிழக்குப் பார்க்க நிறுத்தி, அவர் கமராவை நிறுத்தும் வரை அக்கா கிட்டேயே நிற்பாள். வீம்பு என்று நினைத்துக்கொண்டேன்.

நாற்பது வருடம் கழித்து என் மகன் ஒரு கமரா வாங்கினான். ஒரு பின்னேரம் வாவிக்கரையில் தன் பெண்சாதியை நிறுத்திப் படம் எடுக்கப் பார்த்தான். அவளுக்குப் பின்னால் சூரியன். என்னைப் பக்கத்தில் நிறுத்தி, கையை இப்படிப் பிடித்துக் கமராக் கண்ணாடிக்கு நிழல் தாருங்கள் அம்மா என்றான். பிடித்துக்கொண்டிருந்த கை அலுத்துச் சற்றுத் தளர்ந்தது. உடனே மருமகள் அங்கிருந்தே சொன்னாள், நிழல் விலகிவிட்டது என்று. எனக்கு அவளுடைய கண்ணைப் பார்க்கத் தோன்றியது. அவள் கமராவை நேரே பார்க்கவில்லை. கண்ணாடிக்குச் சற்று மேலே, ஒரு பக்கமாக, என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பார்வையை நான் எங்கோ பார்த்திருக்கிறேன்.

மறுநாள் காலையில் அக்காவின் வீட்டுக்குப் போனேன். அவள் குசினியில் இருந்தாள். நான் முன்கூடத்தில் ஒரு மர வாங்கில் ஏறி நின்று, அந்தப் படத்தை முகத்துக்கு முகம் பார்த்தேன். நாற்பது வருடமாகக் கன்னத்தைப் பார்த்தேனே தவிர அன்றைக்குத்தான் கண்ணைப் பார்த்தேன். அக்காவும் கமராவைப் பார்க்கவில்லை. கண்ணாடிக்குச் சற்று மேலே, ஒரு பக்கமாக, என் குடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிழல் கண்ணாடியை விட்டு முழுதாக விலகிவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டோரத்தில் ஒரு சிரிப்புக்கூடத் தொடங்கியிருந்தது.

முற்றத்தில் நின்ற அந்த மனிதர் அன்றைக்கு வெகுநேரம் பார்த்தது இதைத்தான். தன் படத்தில் தானே பிடித்ததை அவர் அந்த இடத்திலேயே வாசித்துவிட்டார். வாசித்துவிட்டு, தன் கண்ணாடி பழுது என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு படக்காரன் தன் கண்ணாடியைப் பழுதென்று ஊர் நடுவில் சொல்வது என்றால் என்ன என்று எனக்கு இப்போது தெரியும். வாங்கில் நின்றபடியே அழுதுவிட்டேன். அவர் அதற்கு மூன்று வருடம் முன்னரே மௌத்தாகியிருந்தார்.

அக்கா தேத்தண்ணியோடு வந்தாள். என்னையும் வாங்கையும் படத்தையும் பார்த்தாள். அவளுக்கு எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கோப்பையை வைத்துவிட்டு, மிகவும் சாதாரணமாகக் கேட்டாள்.

"அண்டைக்கு உனக்குக் கை நோகல்லையா, விதானையார்?"

நான் யோசித்துப் பார்த்தேன். அந்தப் பின்னேரம் முழுவதும் நினைவுக்கு வந்தது: குடைப்பிடியின் வழவழப்பு, வாவியின் பளபளப்பு, கண்ணாடியில் அசையாமல் நின்ற நிழல். இல்லை, எனக்குக் கை நோகவே இல்லை. நோகும் என்று அவள் சொன்ன பிறகுதான் நோகத் தொடங்கியது.